பின்பனிக்கால நடை: மாசி, பங்குனியில் பறவையும் காட்டுயிரும் பார்க்கக் கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பறவை பார்க்க மார்கழியும் தையும்தானே சரியான காலம்? மாசியில் போனால் என்ன மிச்சம் இருக்கும்?

இந்த நினைப்பினால்தான் பொங்கல் விடுமுறையில் வேடந்தாங்கல் கரையில் நிற்க இடமில்லாமல் போகிறது. அதே கரைக்கு மாசி மாதத்து வேலைநாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் ஒரு பஸ்ஸும் நாலைந்து பெரியவர்களும் இருந்தால் அதிகம்.

கூட்டம் குறைவு என்பதற்காக மட்டும் இந்தக் காலத்தைப் பரிந்துரைக்கவில்லை. பின்பனிக்காலத்தில் இரண்டு பருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வடக்கிலிருந்து வந்த பறவைகள் இன்னும் கிளம்பவில்லை. உள்ளூர்ப் பறவைகளோ ஜோடி சேரவும் கூடு கட்டவும் தொடங்கிவிட்டன. குயில் கூவ ஆரம்பித்திருக்கும். ஏரிக்குள் இன்னும் வாத்துகள் மிதந்துகொண்டிருக்கும். டிசம்பரில் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும், மே மாதத்தில் மற்றொன்று. நாளுக்கு நாள் மாற்றம் தெரிவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான்.

குளிரும் போய்விடவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. விடியற்காலையில் காதுக்கு ஒரு துண்டு தேவைப்படும். எட்டரை மணிக்கு அதே துண்டு வியர்வை துடைக்க உதவும்.

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் முட்டையிட வருகின்றனவாமே?

ஆண்டுதோறும் செய்திகளில் வருகிற இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அங்கே மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா ஆகியவை நம் நாட்டுப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் வந்து குடும்பம் நடத்துகின்றன. மழை பொய்த்த ஆண்டில் வேறு ஏரியைத் தேடிப் போய்விடுகின்றன.

உண்மையிலேயே தொலைதூரத்திலிருந்து வருபவை வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான்கள், வாலாட்டிகள், தகைவிலான் போன்றவை அவை. இவை இங்கே முட்டையிடுவதே இல்லை. வடக்கே நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்கு வருகின்றன. முட்டையும் குஞ்சும் சொந்த ஊரில்தான். ஆகவே கூட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைக் காட்டி ‘வெளிநாட்டு விருந்தாளி’ என்று யாராவது சொன்னால், அநேகமாக அவர் அதன் விலாசத்தைத் தப்பாகச் சொல்கிறார்.

வேடந்தாங்கலின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் போய் முறையிட்டார்கள். 1798இல் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே காவல் இருந்தது.

மாசியில் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம். பெரிய பறவைகளாக வளர்ந்தும் இன்னும் இரை கேட்டுத் தாயின் அலகைப் பிடித்து இழுக்கும் கூழைக்கடாக் குஞ்சுகளின் அடம் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

வலசை வந்த பறவைகள் ஏன் திரும்பிப் போகின்றன? நம் வெயில் தாங்காமலா?

வெயில் உறைப்பதற்கு முன்பே கிளம்பத் தயாராகிவிடுகின்றன. பகல் நேரம் நீள்வதை அவற்றின் உடல் உணர்கிறது. அதைத் தொடர்ந்து சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. பசி கூடுகிறது, உடலில் கொழுப்பு சேர்கிறது. உள்ளான், உப்புக்கொத்தி போலச் சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளில் சில, புறப்படும் முன் ஏறக்குறைய இரு மடங்கு எடை போடுகின்றன. அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கு எரிபொருள். வடக்கே கோடையில் பகல் மிக நீளம், பூச்சிகள் ஏராளம். குஞ்சு வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

எல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டுவதில்லை. வாத்துகள் முந்திக்கொள்ளும், பெரும்பாலும் மார்ச்சுக்குள் ஏரி காலியாகிவிடும். கரைப்பறவைகள் ஏப்ரல் வரைகூட நிற்கும். பிறந்து ஓராண்டுகூட ஆகாத இளசுகளில் சில போகாமலே கோடியக்கரைச் சேற்றில் கோடையைக் கழித்துவிடும்.

கிளம்பப் போகும் பறவையைப் பார்த்ததும் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். இந்தப் பருவத்தின் தனிச்சிறப்பே அதுதான். டிசம்பரில் கரைப்பறவைகள் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒரே சாயலில் இருந்து புதியவர்களைச் சலிப்படைய வைக்கும். மார்ச்சில் அவை இறகு மாற்றுகின்றன. கருவால் மூக்கனின் கழுத்தில் செம்மை ஏறும். மணல்நிற உப்புக்கொத்திகளின் மார்பில் செங்கல் நிறப் பட்டை தோன்றும். சைபீரியத் துருவப் பகுதிக்குப் போகவேண்டிய வளைமூக்கு உள்ளானின் அடிவயிறு திட்டுத்திட்டாகச் சிவந்து, பாதி குளிர்கால உடையும் பாதி கல்யாண உடையுமாக நிற்கும். கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பறவைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மின்கம்பி. தகைவிலான்கள் மாலையில் கம்பியில் நெருக்கியடித்து உட்காரத் தொடங்கினால் பயணம் நெருங்கிவிட்டது என்று பொருள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் சோளக்குருவிகளைக் கவனிக்கலாம். வெளிர்சிவப்பு உடலும் கறுப்புத் தலையும் கொண்ட மைனா சாதிப் பறவை அது. அந்திக்கு அடையும் முன் வானத்தில் பெருங்கூட்டமாகத் திரண்டு நெளியும். மத்திய ஆசியாவுக்குத் திரும்பும்வரை இந்தக் காட்சி இலவசம்.

எங்கள் ஊர்ப்பக்கம் சரணாலயம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

ஏரி இருக்கிறதா, கண்மாய் இருக்கிறதா? அது போதும். சரணாலயத்துக்கு ஒருமுறை போவதைவிட வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் வாரம் ஒருமுறை நடப்பதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

காரணம் தண்ணீர். தையில் மதகு வரை நிறைந்திருந்த ஏரி மாசியில் வற்றத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, கரைக்கும் நீருக்கும் நடுவே சேற்றுப் பட்டை ஒன்று வெளிப்படும். பறவைகளுக்குப் பந்தி விரிப்பது அங்கேதான். வரிசையைக் கவனியுங்கள். ஈரம் காய்ந்த ஓரத்தில் வாலாட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை அடுத்த ஈரச் சேற்றில் குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, ஒரு கொத்துக் கொத்தும். கணுக்கால் தண்ணீரில் உள்ளான்கள். முழங்கால் ஆழத்தில் நீளக் காலன்கள். அதற்கும் அப்பால் நாரையும் கொக்கும். காலும் அலகும் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் உள்ளே. ஒரே சேற்றில் இத்தனை பேர் சண்டையில்லாமல் சாப்பிடும் ரகசியம் இதுதான். தண்ணீர் வாராவாரம் பின்வாங்க, இந்த வரிசையும் கூடவே நகரும்.

நத்தைகுத்தி நாரை கண்ணில் பட்டால் அவசரப்படாமல் நில்லுங்கள். அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். தண்ணீருக்குள் தலையை விட்டு நத்தையை அமுக்கிப் பிடிக்கும். கீழலகின் முனையை நத்தையின் மூடிக்கு அடியில் செருகிச் சதையை அறுக்கும். ஒரு உதறல். சதை வாய்க்குள் போய்விடும், ஓடு பெரும்பாலும் உடையாமல் கீழே கிடக்கும். வற்றிய ஏரிகளின் ஓரத்தில் முழு நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால் யார் வீட்டுப் பந்தி என்று இனி உங்களுக்குத் தெரியும்.

கரையில் நடக்க ஒரு சின்ன யுக்தி: காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நில்லுங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புப் பறவைதான்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வெளிச்சம் வரும்போது அங்கே இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயிலும் கானல் அலையும் சேர்ந்து பார்வையைக் கெடுக்கும். மாலை நாலரைக்கு மேல் இன்னொரு சுற்று போகலாம்.

பறவையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றனவே.

மொட்டை மரத்தடிக்குத்தான் முதலில் போக வேண்டும். முள்ளிலவ மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்களை மட்டும் கிளையெங்கும் வைத்துக்கொண்டு நிற்கும் காலம் இது. இலை மறைக்காததால் வருவோர் போவோர் எல்லோரும் தெளிவாகத் தெரிவார்கள். காகம், மைனா, கரிச்சான், வால்காக்கை, கொண்டைக்குருவி, கிளி, தேன்சிட்டு, அணில் என்று விடிந்ததிலிருந்து திருவிழாதான். கிண்ணம் போன்ற பூவுக்குள் தலையை முழுக்க விட்டுத் தேன் குடிக்கும் மைனா வெளியே வரும்போது நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கும். அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். மரத்துக்கு வேண்டியதும் அதுதான். கரிச்சான் தேனுக்கு மட்டும் வருவதில்லை, பூவுக்கு வரும் பூச்சிக்கும் சேர்த்தே வருகிறது. தடித்த பூக்கள் ‘தொப்’பென்று விழுந்துகொண்டே இருக்கும். காட்டுப்பகுதியானால் அவற்றைத் தின்ன மான் வரும்.

கல்யாண முருங்கையும் புரசும் இதே நாட்களில்தான் பூக்கின்றன. புரசு மலைச்சரிவில் கூட்டமாகப் பூத்தால் தூரத்திலிருந்தே ஆரஞ்சுத் திட்டாகத் தெரியும். இலுப்பை பூக்கும் ஊர்களில் இருட்டிய பிறகு மரத்தடிக்குப் போங்கள், வௌவால்களின் சச்சரவு கேட்கும். அரசும் வேம்பும் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிர்விடுவதும் இப்போதே. அரசந்தளிர் முதல் சில நாட்கள் செம்பு நிறத்தில் மினுக்கும். பிறகு சாதாரணப் பச்சைதான்.

காதையும் திறந்து வையுங்கள். செப்புப் பாத்திரத்தை யாரோ விடாமல் தட்டுவதுபோல் ஒரு ஓசை கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடச் சற்றே பெரியது, உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து தட்டும். பட்டுப்போன கிளையில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். வீட்டு முருங்கையில் காய்ந்த கிளை இருந்தால் வெட்டாமல் விட்டுவைப்பது அதற்குச் செய்யும் பெரிய உபகாரம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் புதருக்குள்ளிருந்து இரண்டு சீட்டி ஒலிகள் கேட்டால் ஆறுமணிக் குருவி. தரையில் சருகைப் புரட்டும் பலவண்ணப் பறவை, தமிழ்நாட்டில் பனிக்காலத்துக்கு மட்டும் வந்து தங்கிவிட்டுக் கிளம்புவது.

சரி, பயணமாகவே போக விரும்புகிறேன். எந்த ஊருக்குப் போகலாம்?

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் என் முதல் தேர்வு. ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் மக்கள் அவர்கள். மஞ்சள்மூக்கு நாரை கூட்டுக்குக் குச்சி கொண்டுவந்து கொடுப்பதை வீதியில் நின்றபடியே பார்க்கலாம். குளத்தில் வரித்தலை வாத்துகளைத் தேடுங்கள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் பறவை இது. இமயமலையைக் குறுக்கே கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். பார்க்க விரும்பினால் பங்குனியைத் தாண்டவிட வேண்டாம்.

கோடியக்கரை அடுத்தது. உப்பளங்களில் பூநாரைகள், சேற்றில் கரைப்பறவைகள், புல்வெளியில் வெளிமான் என்று ஒரே நாளில் மூன்று உலகம். முறுக்கிய கொம்புள்ள கறுத்த ஆண் மான் வெயிலில் அசையாமல் நிற்பதை இங்கே போல் வேறு எங்கும் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டின் முதல் ஈரநிலமும் இதுதான், 2002இல் அறிவிக்கப்பட்டது. மற்ற ஏரிகள் பட்டியலில் சேர இருபது ஆண்டு ஆயிற்று.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலியை விட்டுவிடுகிறார்கள். வாத்துகளுக்கு அதுதான் நல்ல இடம். திருவாரூர் மாவட்டத்து வடுவூரும் சென்னைக்கு வடக்கே பழவேற்காடும் நல்லவையே. சென்னைவாசிகளுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் நகரப் பேருந்திலேயே போய்விடக்கூடிய தூரம். குப்பைமேட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பினால் போதும்.

மலையேற்றம் போகலாமா? இப்போது வானிலை நன்றாக இருக்கிறதே.

வானிலை நன்றாக இருப்பதுதான் சிக்கல். மழை நின்று வாரக்கணக்கில் காய்ந்த புல்லும் சருகும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் இப்போது தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்று திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக வரும். ஆளைவிட உயரமான புல்லுக்குள் நிற்பவருக்கு அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தெரியாது.

அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை நாற்பது பாதைகளை இணையத்தில் பதிவுசெய்து போகும்படி திறந்தது. தீக்காலத்துக்காக 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவற்றை மூடியும் வைத்தது. மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. ‘தெரிந்தவர் ஒருவர் கூட்டிப் போகிறார்’ என்ற பேச்சுக்கு இந்த மாதங்களில் காது கொடுக்கக் கூடாது.

மூணாற்றுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாக மூடப்படும். விடுதி முன்பதிவு செய்துவிட்டுப் பிறகு வாசலில் நின்று ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

முதுமலை, சத்தியமங்கலம் சாலைகளில் காரில் போனால் விலங்குகள் தெரியுமா?

தெரியும், மற்ற காலத்தைவிட நன்றாகவே தெரியும். இலையுதிர்ந்த காட்டில் பார்வை தூரம் போகும். குட்டைகள் வற்றுவதால் யானையும் காட்டெருமையும் மானும் எஞ்சிய தண்ணீரை நோக்கி நகரும். அதனாலேயே அவை களைப்பும் எரிச்சலுமாக இருக்கும். தண்ணீருக்குப் போகும் யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் காரை நிறுத்துவது மடத்தனம். இறங்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், சாலையோரக் குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். யானை காதை விரித்துத் தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் காட்சி முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். முதுமலையில் இறங்காமல் காட்டுக்குள் போக வேண்டுமானால் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி இருக்கிறது.

சென்னைக் கடற்கரையில் ஆமை நடை என்கிறார்களே, அது என்ன?

பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. நாய், நரி, மனிதர் என்று முட்டைக்குப் பல எதிரிகள். ஆகவே இரவில் கடற்கரையை நடந்தே அலசி, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற தன்னார்வக் குழு 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் இதைச் செய்துவருகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறது. வனத்துறையும் கடலோர மாவட்டங்களில் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியுமுன் முடியும் நடை அது. மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். ஆமையைப் பார்க்காமலே திரும்பும் இரவுகள் ஏராளம். பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பின்னங்கால் துடுப்புகளை மாற்றி மாற்றி மணலை அள்ளி வெளியே போடும். கண்ணால் பார்க்காமலே குடுவை வடிவத்தில் குழி தோண்டிவிடும். நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மணலைத் தள்ளி மூடியபின் உடம்பை இடவலமாகச் சாய்த்துத் தரையில் மொத்தி இறுக்கும். கண்ணில் வழியும் நீர் அழுகை இல்லை, உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் வழி.

முட்டை பொரிய ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம். மார்ச், ஏப்ரலில் குஞ்சுகளை விடும்போது குழந்தைகளை அழைத்துப் போகலாம். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அந்தப் பக்கம் போய்விடும். கடற்கரைச் சாலை விளக்குகள் செய்யும் கெடுதல் ஏற்கெனவே போதும்.

கரையில் செத்துக்கிடக்கும் ஆமைகளையும் இந்த நடையில் பார்க்க நேரிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. குழந்தைகளிடம் இதை மறைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பைனாகுலர் வாங்க வேண்டுமா? எது நல்லது?

எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். முதல் மாதம் இரவல் வாங்கிப் பழகுங்கள். மரத்தடிப் பறவைக்குக் கண்ணே போதும்.

கேமராவும் மெர்லின் செயலியும் இருக்கின்றன. இவற்றோடு போகலாமா?

போகலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் தயாரித்த மெர்லின் செயலி, குரலைக் கேட்டுப் பெயர் சொல்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. சில சமயம் பக்கத்து வீட்டு மோட்டாரையும் பறவையாக்கிவிடும். அது சொல்வதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோபம் வருவது வேறு விஷயத்தில். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பது இப்போது பரவலாகிவிட்டது. இணைசேரும் காலத்தில் ஆண் பறவை அந்தக் குரலைத் தன் எல்லைக்குள் புகுந்த எதிரி என்று எடுத்துக்கொண்டு, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலைகிறது. உங்களுக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலை நேரம் பாழ். கூட்டுக்கு முன்னால் இலையை ஒதுக்கிப் படம் எடுப்பது இன்னும் மோசம், ஒதுக்கிய வழியே காகம் வரும். பாறைகளிலும் கல்குவாரிகளிலும் கொம்பன் ஆந்தை குஞ்சு வளர்க்கும் காலம் இது. அந்த இடத்தின் பெயரை எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐம்பது பேர் வந்து நிற்பார்கள்.

பாம்பு, பூச்சிக்கடி பயம் இருக்கிறது.

மூடிய காலணி, முழுக்கால்சட்டை, பார்த்து அடிவைப்பது. பாம்புக்கு இது போதும். எனக்குக் கவலை உண்ணிக்காய்ச்சல் பற்றித்தான். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச்சிறிய உண்ணிகளின் இளம்புழு கடித்தால் வருவது. கடித்தது தெரியவே தெரியாது. திரும்பியதும் துணியை வெந்நீரில் நனையுங்கள், சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஓரிரு வாரத்தில் விடாத காய்ச்சலும், அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் வந்தால் மருத்துவரிடம் புதர்க்காட்டில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். உரிய நேரத்தில் தெரிந்தால் எளிதில் குணமாகும் நோய் அது, பிந்தினால்தான் ஆபத்து.

குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடுகிறார்களே?

ஒரு மணி நேரம் தாராளம். பறவையின் பெயரைப் பாடமாக்காமல் வேலை கொடுங்கள். பனி இறங்கிய காலையில் வேலியில் எத்தனை சிலந்திவலை என்று எண்ணச் சொல்லலாம். சேற்றில் கால்தடம் வரைந்துகொள்ளச் சொல்லலாம். பசிக்கும் முன் திரும்பிவிட வேண்டும்.

தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது. குழுக்கள் உண்டா?

உண்டு. சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி உறுப்பினர்களை நடைக்கு அழைத்துப் போகிறது. பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் இப்போது சிறு குழுக்கள் இருக்கின்றன. பெண்கள் ஏரிக்கரைக்குப் போவதானால் முதல் சில முறை இவர்களோடு போய் இடத்தையும் ஆட்களையும் பழகிக்கொள்வது நல்லது. பிப்ரவரி நடுவில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்’ என்ற பறவைக் கணக்கெடுப்பு, சேர்ந்துகொள்ள நல்ல சமயம். பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், மொட்டைமாடிகூடக் கணக்கில் வரும். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதைத் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாம் வாய்ப்பு.

இலங்கையில் இருப்பவர்களுக்கு?

மன்னாருக்குப் போங்கள். தீவுக்குக் கடக்கும் பாலத்தின் இரு பக்கச் சேறும், 2010இல் ராம்சர் ஈரநிலமான வங்காலைச் சரணாலயமும் வாத்துகளுக்கும் பூநாரைகளுக்கும் பேர்போனவை. வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல்தான். பாதையின் கடைசித் தங்குமிடங்களில் ஒன்று என்பதால் மார்ச்சில் அங்கே அவசரம் நன்றாகத் தெரியும்.

பங்குனியும் முடிந்துவிட்டால் நடையை நிறுத்திவிடலாமா?

நேரத்தை மட்டும் முன்னால் தள்ளுங்கள். மடையானின் முதுகு செம்பழுப்பாகவும் உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகவும் மாறுவது அதன் பிறகுதான் முழுமையடையும். ஆனால் கால் வைக்கும் இடத்தில் கவனம் தேவை. ஆள்காட்டி கூடு கட்டாது, வற்றிய ஏரியின் வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை வைத்திருக்கும். தலைக்குமேல் கத்திக்கொண்டு அது சுற்றினால் வந்த வழியே அடி பார்த்துத் திரும்புங்கள். ஆனைமலைக் காடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதை 2022இல் வனத்துறை உலாந்திச் சரகத்தில் பதிவு செய்தது. அதைப் பார்க்க இரவில் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் இரவில் பொதுமக்கள் நடமாட அனுமதி கிடையாது.